எர்ணாகுளம் சந்திப்பு: குமரி மாவட்டப் பயணிக்காக ஒரு மதிப்பீடு

குமரி மாவட்டத்திலிருந்து கொச்சிக்குப் போகிறவர்களுக்குக் காரணங்களுக்குப் பஞ்சமில்லை. தூத்தூர், வள்ளவிளை, நீரோடி போன்ற கடற்கரை ஊர்களிலிருந்து ஆழ்கடல் தொழிலுக்குப் போகிறவர்களில் பலருக்குத் தோப்பும்படி மீன்பிடித் துறைமுகமோ முனம்பமோதான் தொழில் தலம். அதைத் தவிர கப்பல் கட்டும் தளத்தில் ஒப்பந்த வேலைக்குப் போகிறவர்கள், பெரிய மருத்துவமனைகளுக்கு நோயாளியை அழைத்துச் செல்கிறவர்கள், ரப்பர் வியாபாரத் தொடர்புள்ளவர்கள், படிக்கப் போகும் பிள்ளைகள் என்று வண்டி நிறைய ஆட்கள் உண்டு. நாகர்கோவிலிலிருந்து ஏறத்தாழ 280 கிலோமீட்டர் தொலைவு. இவ்வளவு பேர் போய்வந்தும், எந்த வண்டியில் ஏறினால் கொச்சியின் எந்த நிலையத்தில் இறங்குவோம் என்ற குழப்பம் இன்னும் தீரவில்லை. சவுத் என்று எல்லோரும் சொல்லும் எர்ணாகுளம் சந்திப்பைப் பற்றி நம் மாவட்டத்தாருக்குப் பயன்படும்படி ஒரு மதிப்பீடு எழுத அதுவே போதுமான காரணம்.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இறங்கி ஊருக்குள் போவதற்கு இது நல்ல நிலையம். நகரத்தின் நடுவில் இருக்கிறது, வெளியே வந்ததும் வழி கிடைத்துவிடும். வண்டி ஏறுவதற்குச் சுமார். நீண்ட நேரம் காத்திருப்பதற்கு, அதுவும் மூட்டை முடிச்சோடும் முதியவர்களோடும் காத்திருப்பதற்கு, வேறு வழியிருந்தால் தவிர்க்க வேண்டிய இடம். இந்த நிலையத்தின் குறைகளில் பெரும்பாலானவை இன்றைய நிர்வாகத்தால் வந்தவை அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தண்டவாளம் துறைமுகத்தைப் பார்த்துப் போடப்பட்டதால் வந்தவை அவை.

ஷொர்ணூரிலிருந்து எர்ணாகுளத்துக்கு 1902-இல் ரயில் வந்தது. அன்றைய கொச்சி மன்னர் ராமவர்மா, திருப்பூணித்துறை பூர்ணத்ரயீசர் கோயில் யானைகளின் பொன் நெற்றிப்பட்டங்களை விற்று அந்தப் பாதைக்குப் பணம் திரட்டினார் என்பது அங்கே வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. அந்த முதல் நிலையம் இப்போதைய உயர் நீதிமன்றத்துக்குப் பின்புறம் இருந்தது. இன்றைய சந்திப்பு அதுவல்ல. பின்னர் ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளரின் மேற்பார்வையில் காயலை ஆழப்படுத்தி, தோண்டியெடுத்த மண்ணைக் கொண்டு வில்லிங்டன் தீவை உருவாக்கித் துறைமுகம் அமைத்தபோது, கப்பலுக்குச் சரக்கும் ஆட்களும் போக வேண்டும் என்பதற்காக வெண்டுருத்திப் பாலத்தைக் கடந்து தீவுக்கே ரயில் பாதை நீண்டது. வடக்கிலிருந்து வந்து தெற்கே துறைமுகத்துக்குப் போகும் அந்தப் பாதையின் மேல்தான் இன்றைய சந்திப்பு உட்கார்ந்திருக்கிறது. திருவிதாங்கூர்ப் பக்கத்திலிருந்து வருகிறவர்களை நினைத்து அமைத்த நிலையம் அல்ல அது.

அதனால் வந்த விளைவு இது. 1956-இல் கோட்டயம் பாதை வந்து சேர்ந்தபோது, அது சந்திப்பின் வடக்குப் பக்கமாகத்தான் உள்ளே நுழைந்தது. கோட்டயம் வழியாக வரும் வண்டி சந்திப்புக்குள் வந்து, மறுபடி திருச்சூர்ப் பக்கம் போக வேண்டுமென்றால், வந்த வழியே திரும்ப வேண்டும். எஞ்சினை ஒரு முனையிலிருந்து கழற்றி மறுமுனையில் மாட்ட வேண்டும். ஆலப்புழைக் கடற்கரைப் பாதை 1989-இல் எர்ணாகுளத்துக்கும் ஆலப்புழைக்கும் இடையே திறக்கப்பட்டு, 1992-இல் காயங்குளம் வரை முழுமை பெற்றது. அது சந்திப்பின் தெற்குப் பக்கமாக நுழைவதால் அந்த வழியாக வரும் வண்டிக்கு இந்தத் தொல்லை கிடையாது. நேராக வந்து நேராகப் போய்விடும்.

இதைப் புரிந்துகொள்ள நாகர்கோவில்காரர்களுக்குத் தனி விளக்கம் வேண்டியதில்லை. நம் கோட்டாற்றுச் சந்திப்பிலும், அதாவது நாகர்கோவில் சந்திப்பிலும், கதை இதேதான். திருவனந்தபுரத்திலிருந்து 1979-இல் வந்த பாதையும், திருநெல்வேலியிலிருந்து 1981-இல் வந்த பாதையும் ஒரே முனையில் வந்து சேர்ந்து, மறுமுனையில் கன்னியாகுமரிக்குப் போகின்றன. கன்னியாகுமரி வண்டிகளுக்கு அது வசதி; நெல்லையிலிருந்து திருவனந்தபுரம் போகிற வண்டிக்கு எஞ்சின் மாற்றும் வேலை. அதைத் தவிர்க்கத்தான் இணைப்புப் பாதையும் நாகர்கோவில் டவுண் நிலையமும் பயன்படுகின்றன. எர்ணாகுளத்தில் அந்த டவுண் நிலையத்தின் வேலையைச் செய்வது எர்ணாகுளம் டவுண். அங்கே அதை நார்த் என்பார்கள். இரண்டுக்கும் இடையே சுமார் 3 கிலோமீட்டர்.

இப்போது நம் வண்டிகளைப் பார்ப்போம். கன்னியாகுமரி வரை நீட்டிக்கப்பட்டு அதிகாலையில் புறப்படும் பரசுராம் எக்ஸ்பிரஸும், காலையில் புறப்படும் பெங்களூர் ஐலண்ட் எக்ஸ்பிரஸும் கோட்டயம் வழியாகப் போகின்றன. இரண்டும் எர்ணாகுளத்தில் நிற்பது டவுண் நிலையத்தில்தான். சென்னை எழும்பூரிலிருந்து வரும் குருவாயூர் எக்ஸ்பிரஸ் ஆலப்புழை வழியாகப் போவதால் சந்திப்பில் நிற்கும். ஐலண்ட் என்ற பெயர் அந்த வண்டிக்கு வில்லிங்டன் தீவிலிருந்து புறப்பட்ட காலத்தில் வந்தது. இன்று அது தீவுக்கும் போவதில்லை, தீவுக்குப் போகும் வழியிலுள்ள சந்திப்பையும் தொடுவதில்லை. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஆகவே பயணச்சீட்டு எடுக்கும்போது பார்க்க வேண்டியது ஊர்ப்பெயரை அல்ல, நிலையக் குறியீட்டை. இ.ஆர்.எஸ். என்றால் சந்திப்பு, இ.ஆர்.என். என்றால் டவுண். நம் ஊருக்கு என்.சி.ஜே. சந்திப்பு, என்.ஜே.டி. டவுண் என்று பார்த்துப் பழகியவர்கள் அதே கண்ணோடு இதையும் பார்த்தால் போதும். வீட்டிலிருந்து அழைத்துப் போக வருகிற உறவினர் சவுத்தில் நிற்க, பயணி நார்த்தில் இறங்கி நிற்பது இரு குடும்பத்துக்கும் வீண் அலைச்சல்.

எஞ்சின் மாற்றுவதை ஒருமுறை நடைமேடையில் நின்று கவனித்தால் இந்த நிலையத்தின் சிக்கல் முழுவதும் கண்முன் தெரியும். வண்டி நின்றதும் பணியாளர் ஒருவர் எஞ்சினுக்கும் முதல் பெட்டிக்கும் நடுவே இறங்கி, காற்றுக் குழாயைப் பிரித்துவிட்டுக் கொக்கியை விடுவிப்பார். எஞ்சின் தனியே முன்னால் நகர்ந்து, பக்கத்துத் தண்டவாளத்துக்கு மாறி, நிற்கும் வண்டியின் நீளம் முழுவதையும் கடந்து மறுமுனைக்கு வர வேண்டும். அந்தத் தண்டவாளம் அந்த நேரத்தில் காலியாக இருந்தால்தான் அது நடக்கும். மாட்டியபின் பிரேக் காற்றைச் சோதித்து, கடைசிப் பெட்டியாக இருந்தது முதல் பெட்டியாகிப் புறப்படும்வரை நடைமேடை அந்த ஒரு வண்டிக்கே சொந்தம். மொத்தம் ஆறு நடைமேடைகள் உள்ள நிலையத்தில் ஒன்று இப்படி இருபது நிமிடமோ அரை மணி நேரமோ பிடிபட்டுக் கிடந்தால், பின்னால் வருகிற வண்டி எங்கே நிற்கும்? நிலையத்துக்கு வெளியே, அவுட்டர் சிக்னலில்தான் நிற்கும். வண்டி சரியான நேரத்துக்கு ஊர் எல்லைக்கு வந்துவிட்டு, உள்ளே நுழைய முடியாமல் கிடப்பதாகப் பயணிகள் சொல்வதன் காரணம் இதுதான்.

இதற்கு ரயில்வே கண்ட தீர்வு, கோட்டயம் வழி வண்டிகளைச் சந்திப்புக்குள் விடாமலே அனுப்புவது. திருவனந்தபுரம் – ஷொர்ணூர் வேணாடு எக்ஸ்பிரஸ் பல்லாண்டுகள் சந்திப்புக்கு வந்து திரும்பிப் போய்க்கொண்டிருந்தது; 2024 மே மாதம் முதல் அது சந்திப்பைத் தவிர்த்து டவுண் நிலையம் வழியாக ஓடுகிறது. சந்திப்பை ஒட்டிய அலுவலகங்களுக்குத் தினமும் வந்துபோகிறவர்கள் இதை எதிர்த்ததில் நியாயம் இருக்கிறது. நெடுந்தூரப் பயணிக்கு நேரம் மிச்சமாகிறது என்பதிலும் நியாயம் இருக்கிறது. நம்மைப் போல முந்நூறு கிலோமீட்டர் தள்ளியிருந்து வருகிறவர்கள் பக்கம் நின்று பார்த்தால் இரண்டாவதே எனக்குச் சரியாகப் படுகிறது. நாகர்கோவிலில் டவுண் நிலையத்தின் வழியாக வண்டியை அனுப்பும்போது கோட்டாற்றுப் பக்கத்துக்காரர்கள் படும் வருத்தத்தையும் நாம் அறிவோம் என்பதால், எதிர்த்தவர்களைக் குறைசொல்ல மனம் வரவில்லை.

நேரடி வண்டி கிடைக்காதவர்கள் திருவனந்தபுரத்தில் மாறிப் போவதுண்டு. அங்கும் இதே விதி. ஆலப்புழை வழியாக மங்களூர் போகும் வந்தே பாரத்தும், கோழிக்கோடு ஜன சதாப்தியும் சந்திப்பில் நிற்கும். கோட்டயம் வழியாகக் காசர்கோடு போகும் வந்தே பாரத் டவுணில் நிற்கும். வஞ்சிநாடு எக்ஸ்பிரஸ் கோட்டயம் வழியாக வந்தாலும் பயணம் சந்திப்பிலேயே முடிவதால் திருப்பத் தொல்லை அதற்குப் பொருட்டில்லை. மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கத்தார் குழித்துறையிலும், தக்கலை, குளச்சல் பக்கத்தார் இரணியலிலும் ஏறித் திருவனந்தபுரம் சென்றுவிட்டால் அதன்பின் வண்டிகளுக்குக் குறைவில்லை.

சந்திப்பின் அமைப்பைப் பற்றி. மேற்கே முதலாம் நடைமேடைப் பக்கம் முதன்மை வாசல். அங்கிருந்து சவுத் என்றே சொல்லப்படும் சாலைச் சந்திப்பும், எம்.ஜி. சாலையும் நடந்துபோகும் தூரம். கிழக்கே இன்னொரு வாசல் இருக்கிறது. கடவந்திரை, பனம்பிள்ளி நகர்ப் பக்கம் போகிறவர்களுக்கு அதுவே சுருக்கம். தெரியாதவர்கள் எல்லோரும் மேற்கு வாசலுக்கே போய் நெரிசலில் மாட்டுகிறார்கள். எந்த வாசல் நமக்கு வேண்டும் என்று முன்பே தீர்மானித்துக்கொண்டு இறங்குவது பெரிய உதவி, ஏனென்றால் வண்டி நடுவிலுள்ள நடைமேடை ஒன்றில் வந்தால் மேம்பாலம் ஏறித்தான் ஆக வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு வண்டிகள் வந்து நின்றால், ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் படியில் முட்டிக்கொண்டு நகரும் வேகத்தில் முதியவர்கள் தடுமாறிப் போவார்கள். நோயாளியோடு வருகிறவர்கள் கூட்டம் கலையும்வரை நடைமேடையிலேயே ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுப் புறப்படுவது நல்லது.

குருவாயூர் வண்டி விடிவதற்கு முன்பே சந்திப்புக்கு வந்துவிடும். அந்த நேரத்தில் இறங்குகிற கூட்டத்தில் நம் கடற்கரை ஊர்க்காரர்களை அடையாளம் காண்பது எளிது. நாலைந்து பேர் சேர்ந்தே இறங்குவார்கள். துணிப்பையைவிடப் பெரிதாக, மூடி போட்ட பிளாஸ்டிக் வாளிகளும் கயிறு கட்டிய சாக்கு மூட்டைகளும் அவர்களிடம் இருக்கும். தங்கல் தொழிலுக்குப் போனால் வாரக்கணக்கில் கடலில் இருக்க வேண்டும் என்பதால் எடுத்துவரும் சாமான்கள் அப்படி. அவர்கள் யாரிடமும் வழி கேட்பதில்லை. அறிவிப்பைக்கூடக் கவனிக்காமல், எந்தப் படியில் ஏறினால் எங்கே இறங்கலாம் என்று காலுக்கே தெரிந்ததுபோல நடந்துபோய்விடுவார்கள். புதிதாக வருகிற நம் ஊர்க்காரர் ஒருவருக்கு அந்தப் பொழுதில் கிடைக்கக்கூடிய நல்ல வழிகாட்டி, “அண்ணே, தோப்பும்படி பஸ் எங்க நிக்கும்?” என்று அவர்களில் ஒருவரைக் கேட்பதுதான்.

மற்றவர்களுக்கு அந்த நேரம் சற்றுச் சிரமமானது. கொச்சி மெட்ரோ காலையில்தான் ஓடத் தொடங்கும். அதுவரை காத்திருக்க வேண்டும். முன்பதிவு செய்தவர்களுக்குக் காத்திருப்பு அறைகள் உண்டு, தங்கும் அறையை ஐ.ஆர்.சி.டி.சி. தளத்தில் முன்கூட்டியே பதிவு செய்துகொள்ளலாம். பெண்கள் தனியாகவோ குழந்தைகளோடோ அந்த வண்டியில் வருவதாக இருந்தால் அறையைப் பதிவு செய்துவிட்டு வருவதே என் பரிந்துரை. பகலில் போய்ச் சேர்கிற பரசுராமைத் தேர்ந்தெடுத்து டவுணில் இறங்குவது அதைவிட நல்லது.

உணவைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. தேநீர், பழம்பொரி, முட்டைக் கறியோடு அப்பம் என்று கேரள நிலையங்களில் கிடைப்பதே இங்கும். ஏத்தன்பழப் பழம்பொரி சூடாக இருந்தால் வாங்கலாம். கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கிவைத்து எண்ணெய் இறங்கிப்போனதை வாங்குவதில் பயனில்லை. பசியாறச் சாப்பிட வேண்டுமானால் மேற்கு வாசல் வழியாக வெளியே சென்று சாப்பிடுவது நல்லது.

மொழி ஒரு தடையா என்று அகத்தீசுவரம், தோவாளைப் பக்கத்து நண்பர்கள் கேட்பதுண்டு. பலகைகளும் அறிவிப்புகளும் மலையாளம், இந்தி, ஆங்கிலத்தில் இருக்கும். தமிழை எதிர்பார்க்க வேண்டாம். மலையாளம் பழகிய விளவங்கோட்டுக்காரர்களுக்கு அது பொருட்டே அல்ல. மற்றவர்கள் தமிழில் கேட்டாலும் கடைக்காரரும் ஆட்டோக்காரரும் புரிந்துகொண்டு பதில் சொல்வார்கள். அறிவிப்பில் வண்டியின் பெயரைவிட எண்ணைக் காதில் வாங்குவது பாதுகாப்பு. நடைமேடை கடைசி நேரத்தில் மாறுவது இதுபோன்ற நெரிசலான நிலையங்களில் எதிர்பார்க்கக்கூடியதே.

நிலையத்துக்கு வெளியே போகும் வசதிதான் இந்தச் சந்திப்பின் உண்மையான பலம். எர்ணாகுளம் சவுத் மெட்ரோ நிலையம் 2019-இல் திறக்கப்பட்டது. சந்திப்பிலிருந்து சற்று நடந்தால் போதும். அங்கிருந்து வடக்கே மூன்றாவது நிலையம் டவுண் ஹால், அதாவது நார்த் ரயில் நிலையத்துக்கு அருகில் உள்ளது. தவறான நிலையத்தில் இறங்கிவிட்டோமே என்று பதற்றப்பட இனிக் காரணமில்லை. மூன்று நிறுத்தத்தில் சரிசெய்துகொள்ளலாம். எதிர்த்திசையில் வைற்றிலா பேருந்து முனையம், அதையும் தாண்டித் திருப்பூணித்துறை. 2024 மார்ச்சில் திறக்கப்பட்ட திருப்பூணித்துறை மெட்ரோ முனையம் அங்குள்ள ரயில் நிலையத்தை ஒட்டியே இருக்கிறது. கோட்டயம் வழியாக வரும் பரசுராம் அந்த நிலையத்தில் நிற்கும். வைற்றிலா, கடவந்திரை, எம்.ஜி. சாலைப் பக்கம் வேலை உள்ளவர்கள் திருப்பூணித்துறையிலேயே இறங்கி மெட்ரோவைப் பிடித்தால், டவுணும் வேண்டாம், சந்திப்பும் வேண்டாம். நம் மாவட்டத்துப் பயணிகளில் பலர் இன்னும் பயன்படுத்தத் தொடங்காத நல்ல வழி இது.

தோப்பும்படிக்கு மெட்ரோ கிடையாது, எம்.ஜி. சாலைப் பக்கம் சென்று பேருந்து பிடிப்பதே வழி. ஃபோர்ட் கொச்சிக்கோ மட்டாஞ்சேரிக்கோ போகிறவர்கள் உயர் நீதிமன்றப் படகுத்துறைக்குச் சென்று வாட்டர் மெட்ரோ படகில் ஏறலாம். பயணச்சீட்டு மலிவு, படகு குளிர்சாதன வசதியுள்ளது, காயலின் மேல் நெரிசல் என்பதே இல்லை. கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் படகு பிடிக்க வரிசையில் நின்று பழகிய நமக்கு அங்குள்ள ஒழுங்கைப் பார்க்கப் பொறாமையாகத்தான் இருக்கும்.

துறைமுக நகரத்தின் சந்திப்பு என்று சொன்னாலும், இன்று இந்த நிலையத்தில் துறைமுகத்தின் அடையாளம் எதுவும் கண்ணில் படாது. வில்லிங்டன் தீவிலுள்ள கொச்சித் துறைமுக முனையத்துக்குப் பயணிகள் வண்டி ஓடுவது நின்று ஆண்டுகள் பல ஆகின்றன. 2011-இல் தொடங்கிய வல்லார்பாடம் சரக்குப் பெட்டக முனையத்துக்கு இடப்பள்ளியிலிருந்தே தனிப்பாதை பிரிந்து, காயலின் மேல் ஏறத்தாழ 4.6 கிலோமீட்டர் நீளமுள்ள பாலத்தில் போகிறது. பெட்டகங்கள் சந்திப்பைத் தொடுவதே இல்லை. துறைமுகத்துக்காகப் போட்ட வளைவும் திருப்பமும் மட்டும் பயணிகள் தலையில் மிஞ்சின.

சந்திப்பைப் புதுப்பித்துக் கட்டும் திட்டத்துக்கு 2022 செப்டம்பரில் பிரதமர் அடிக்கல் நாட்டினார். கட்டடமும் வாசல்களும் வண்டி நிறுத்துமிடமும் மேம்படுவது வரவேற்கத்தக்கதே. மேம்பால நெரிசல் குறைந்தால் அதுவே பாதி நிம்மதி. ஆனால் முகப்பை எவ்வளவு அழகாகக் கட்டினாலும் கோட்டயம் வண்டி உள்ளே வந்தால் திரும்பித்தான் போக வேண்டும் என்ற நிலை மாறப்போவதில்லை. கட்டுமானப் பணி நடக்கும் காலத்தில் பாதைகள் அவ்வப்போது மாறும் என்பதால், ஏறப் போகிறவர்கள் வழக்கத்தைவிட அரை மணி நேரம் முன்னதாகச் செல்வது நல்லது.

ஊர் திரும்பும்போது கவனிக்க வேண்டியவை வேறு. குருவாயூரிலிருந்து சென்னை போகும் வண்டி சந்திப்புக்கு நள்ளிரவுக்குப் பிறகு வருகிறது. முன்பதிவு செய்யும்போது தேதியைத் தவறவிடுவதற்கு இதைவிட வாய்ப்பான வண்டி வேறில்லை. சனிக்கிழமை இரவு சாப்பிட்டுவிட்டுக் கிளம்புகிறவர் ஞாயிற்றுக்கிழமைத் தேதிக்குப் பயணச்சீட்டு எடுத்திருக்க வேண்டும். பகலில் வர விரும்புகிறவர்கள் டவுணுக்குச் சென்று, காலையில் ஐலண்டையோ பிற்பகலில் பரசுராமையோ பிடிக்கலாம். அதிகாலையில் சந்திப்பிலிருந்தே புறப்படும் வஞ்சிநாட்டில் ஏறித் திருவனந்தபுரத்தில் மாறுவது நான்காவது வழி. முன்பதிவில்லாமல் வருகிறவர்களுக்கு நான் பரிந்துரைப்பதும் அதையே, ஏனென்றால் புறப்படும் நிலையத்திலேயே ஏறுகிறவருக்கு உட்கார இடம் கிடைக்கும். கோட்டயம் தாண்டிய பிறகு அந்த வண்டியில் நிற்கவே இடம் தேட வேண்டியிருக்கும்.